இருபது பேர் பிடித்து மடக்கிய முழங்கால்

புக்கிட் பெலண்டோக் பக்கம் சாலையைக் கடக்கும் காட்டுப்பன்றிகளிடம் ஓர் ஒழுங்கு உண்டு. தாய் முன்னால் போகும், குட்டிகள் வரிசையாகப் பின்னால் வரும். தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஆள்களை வரிசையில் நிறுத்தியே பிழைத்த முன்னாள் மண்டோர், அதாவது கங்காணி, அமிர்தலிங்கம், போன மார்ச் மாதம் அந்த வரிசைக்கு நடுவே மோட்டார் சைக்கிளை விட்டார். ஐந்தாவது குட்டிக்கும் ஆறாவது குட்டிக்கும் இடையே போதுமான இடைவெளி இருந்தது என்பது அவர் வாதம். பன்றிகள் தரப்பில் இதுவரை விளக்கம் எதுவும் வரவில்லை. அவருடைய வலது முழங்கால் சில்லு மட்டும் மூன்றாகப் பிளந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். பல வாரம் கால் நீட்டியபடியே கிடந்தது. கட்டை அவிழ்த்தபோது அது மடங்க மறுத்துவிட்டது. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி, மானேஜர், சொந்தச் சம்பந்தி என்று யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் எனப் பெயரெடுத்தவருக்கு, உடம்பில் ஒரு மூட்டாவது தன்னைப் போல வந்து வாய்த்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம். ஆனால் ஜொகூரிலிருந்து மகள் புனிதா போன் போட்டு அந்தப் பெருமைக்குத் தவணை வைத்தாள்.

"தீபாவளிக்கு வர்றேம்பா. என் கண்ணு முன்னால மோட்டார எடுத்துக்கிட்டு சுவா கடைக்குப் போயி மீன் வாங்கிட்டு வரணும். முடியலன்னா பெட்டியக் கட்டுங்க, எங்கூட வந்துருங்க. அந்த லயத்துல தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்லா?"

"ஏன், பக்கத்து வீட்டு ரஃபிக் இருக்கான்."

"அவனுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு வங்காளம் தெரியாது. ரெண்டு பேரும் என்னா பேசுவீங்க?"

"பேசறதில்ல. அதனாலதான் ரெண்டு வருசமா சண்டை இல்லாம இருக்கோம்."

ஜொகூர் அவருக்குப் புதிதல்ல. மகளுடைய பதினான்காவது மாடி வீட்டில் ஒரு முறை ஒன்பது நாள் இருந்து பார்த்தார். மகளும் மருமகனும் விடிவதற்குள் வேலைக்குப் போய், இருட்டியபின் வருவார்கள். அந்த ஒன்பது நாளும் அவரிடம் தானாக முன்வந்து பேசியது லிப்டு ஒன்றுதான். அதுவும் எந்த மாடி என்பதைத் தாண்டி எந்தப் பேச்சையும் வளர்க்கவில்லை. பத்தாம் நாள் பஸ் ஏறிவிட்டார். இங்கே, தோட்டத்து வரிசை வீடான பதினாறு கதவு லயத்தில், இரண்டு கதவில்தான் விளக்கு எரிகிறது என்றால், எரியட்டும். மற்ற பதினான்கில் யார் யார் இருந்தார்கள் என்பதாவது அவருக்குத் தெரியும்.

ஆகவே கால் மடங்கியாக வேண்டும். ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, எஸ்டேட் வேன் பிடித்து ஆஸ்பத்திரி உடற்பயிற்சிப் பிரிவுக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். தாதி வந்து, "அமிர்தலிங்கம்" என்று கூப்பிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி கூப்பிட்டாள். யாரோ ஒருத்தன் வரவில்லை, அவனுக்கு இன்றைக்குச் சம்பளம் கிடையாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு அவள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

இதில் அவர்மேல் தவறில்லை. தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தப் பட்டியலில் மண்டோருடைய பேர் இருக்காது. முப்பத்தொரு வருடமாக உலகத்தில் யாரும் அமிர்தலிங்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி கொடுக்கும் பெண்ணே வெளியே வந்தாள். ஃபஸீஹா என்று பேர். சிரம்பானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை.

"அங்கிள், கார்டுல இருக்கறது உங்க பேருதானே?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் பதில் சொல்லல?"

"நமக்குக் கூப்பிட்டுத்தாம்மா பழக்கம்."

அவள் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை முழங்காலில் வைத்து அளந்தாள். அறுபத்திரண்டு பாகை. மோட்டாரில் உட்கார்ந்து பிரேக் மிதிக்க நூற்றைந்து பாகையாவது வேண்டுமாம். மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டை மாட்டி, இரண்டு கையாலும் குதிகாலைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். இழுத்த நிலையில் இருபது எண்ணும்வரை பிடித்து வைக்க வேண்டும். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை.

வீட்டில் எண்ணிப் பார்த்தார். பதினொன்று தாண்டும்போதெல்லாம் புத்தி எங்கோ போய், திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று தேடியது. இலக்கங்களிடம் அவருக்குப் பிடிமானம் கிடையாது. ஆள்களிடம்தான் உண்டு. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தில் அவர் கும்பலில் சரியாக இருபது பேர். அந்த வரிசை தூக்கத்திலும் வரும். இரண்டாம் நாளிலிருந்து இலக்கத்தை விட்டுவிட்டுப் பெரட்டு எடுத்தார். "சுகுமாறன், ராக்கம்மா, குணாளன், திருச்செல்வம்..." என்று காலையில் லயமே அதிரும். பக்கத்து வீட்டு ரஃபிக் அதை ஏதோ பிரார்த்தனை என்று நம்பி, தன் கைப்பேசிப் பாட்டை மரியாதையாகக் குறைத்துக்கொள்வான்.

கால் எண்பத்து நான்கு வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆறு வாரம் அசையவில்லை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்தான். புனிதா போனில், "உங்களுக்கு அந்த ஜன்னல் ஓரத்து ரூம ஒதுக்கி வச்சிட்டேம்பா" என்றாள். பதினான்காவது மாடி ஜன்னல்.

"அங்கிள், உண்மையச் சொல்லுங்க. வீட்டுல செய்றீங்களா, ஏமாத்துறீங்களா?" என்று கேட்டாள் ஃபஸீஹா.

"மண்டோரப் பாத்துக் கேக்கற கேள்வியாம்மா இது? இதையே நான் எத்தனை பேரக் கேட்டிருக்கேன் தெரியுமா?"

"சரி, எனக்கு முன்னால செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார். இருபது பேரும் அந்த அறையில் முழங்கினார்கள். அடுத்த கட்டிலில் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த சீனக் கிழவர் பயந்து நிறுத்திவிட்டார். ஃபஸீஹா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருபது விநாடி புடிக்கச் சொன்னேன் அங்கிள். நீங்க ஏழுல விட்டுட்டீங்க."

"இருபது பேரும்மா. வேணும்னா எண்ணிப் பாரு."

"பெரட்டுலயும் இவ்ளோ வேகமாவா கூப்பிடுவீங்க?"

"அங்க எப்பிடி முடியும்? ஒவ்வொருத்தனும் பதில் சொல்ற வரைக்கும் நிக்கணும்ல. இப்ப யாரு இருக்கா பதில் சொல்ல?"

ஃபஸீஹா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"பதிலுக்கு நில்லுங்க அங்கிள்" என்றாள்.

"வராதும்மா."

"வராட்டிப் பரவால்ல. அது வர்ற நேரத்துக்கு நில்லுங்க."

மறுநாள் காலை துண்டை மாட்டி இழுத்தார். "சுகுமாறன்." நின்றார். சுகுமாறன் இப்போது அம்பாங்கானில் ஒரு பேரங்காடியில் காவல் பார்க்கிறான். ஒரு கொட்டாவி விட்டு அது முடிந்த பிறகுதான் "இருக்கேன்" என்பான். கொட்டாவிக்கு இரண்டு விநாடி. "ராக்கம்மா." அவள் செத்து வெகு நாளாகிறது. "கண்ணு தெரியலயா மண்டோரு, முன்னாலதான நிக்கிறேன்" என்பாள். அந்த வசனத்துக்கு மூன்று விநாடி. திருச்செல்வத்துக்கும் அவருக்கும் இருபத்தைந்து வருடமாகப் பேச்சில்லை. அவன் முதல் தடவைக்குப் பதில் சொல்லவே மாட்டான். விதிப்படி இரண்டு தடவை கூப்பிட்டுத்தான் நகர வேண்டியிருந்தது. முழங்காலுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவது போலிருந்தது.

கடைசிப் பேர் செல்லம்மா. அவர் மனைவி. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவளைப் பட்டியலின் கடைசியில்தான் வைத்திருந்தார். வீட்டில் கணவனும் மனைவியும் பேர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவருக்கு அவள் "இந்தா", அவளுக்கு அவர் "இங்க பாருங்க". ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, பெரட்டில், அலுவல் காரணமாக, அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் வாய் திறக்கமாட்டாள். பால்வாளியில் கத்தியால் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"செல்லம்மா."

நின்றார். லயத்தில் வாளிச் சத்தம் எதுவும் வரவில்லை. ரஃபிக் வீட்டில் வெங்காயம் வதங்கும் சத்தம் வந்தது, ஆனால் அதைக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை. அன்றைக்கு இருபது பேருக்கும் நாற்பத்தாறு விநாடி ஆயிற்று. துண்டு காலில் மாட்டியிருந்ததால் முகம் துடைக்க வேறு துணி தேட வேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய் தொண்ணூறு. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றேழு. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது நூற்றெட்டு.

புனிதா வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அமிர்தலிங்கம் மோட்டாரில் ஏறினார். முகத்தில் எந்த வலியும் தெரியாமல் இருக்க, தோட்டத்து வீராசாமி கோயில் திருவிழாவில் படத்துக்கு நிற்பவர் போல விறைப்பாக முன்னால் பார்த்தபடி போனார். ஐம்பது நிமிடம் கழித்துக் கெம்போங் மீனோடு வந்து சேர்ந்தார்.

"என்னாப்பா இவ்ளோ நேரம்?"

"வழியில பன்னி போச்சு. இந்தத் தடவ முழு வரிசைக்கும் நின்னேன்."

அவள் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் மீன் கழுவினாள். இரண்டு நாள் இருந்துவிட்டு அவள் கார் போனபோது லயத்தில் மறுபடி இரண்டு விளக்கு.

கடைசிச் செவ்வாய் தாதி "அமிர்" என்று தொடங்கும் முன்பே அவர் "இருக்கேன்" என்று எழுந்துவிட்டார். இந்தக் கலையில் அவ்வளவு தேறியிருந்தார். ஃபஸீஹா அளந்து பார்த்து, ஃபைலை மூடி, கைகொடுத்தாள்.

"முடிஞ்சது அங்கிள். இனிமே வர வேணாம்."

"அடுத்த செவ்வாக்கெழம?"

"வேணாம். நீங்க நல்லாயிட்டீங்க."

"அப்ப, பேரு கூப்பிட மாட்டாங்க?"

"மாட்டாங்க அங்கிள்."

சரிதான், ஆள் குறைப்பு என்றால் என்னவென்று தெரியாதவரா அவர்.

அடுத்த செவ்வாய் விடியற்காலை, எந்த மருத்துவக் காரணமும் இல்லாமல், துண்டை மாட்டிப் படுத்தார். இருபது பேரையும் கூப்பிட்டு, இருபது பேருக்கும் நின்றார். செல்லம்மாவுக்கு அப்புறம் பட்டியல் முடிந்துவிட வேண்டும். ஆனால் மடக்கிய காலை அவர் இறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்டிப்பான குரலில், "அமிர்தலிங்கம்" என்றார்.

நின்றார். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் குறைந்தது.

"இருக்கேன்" என்று பதில் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. மண்டோர் அதை மன்னிக்கவில்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான் போட்டார்.