கடலுக்குப் போகாத போன்

கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்த வருடம். பெனிஷா அப்போது பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர். வீட்டில் இருந்தது ஒரே போன். அதுவும் அப்பா ஜேசுபாதத்தோடு மீன்பிடி வல்லத்தில் கடலுக்குப் போய்விடும். பாதி வகுப்புகளை அவள் பார்க்கவே இல்லை. கூடப் படிக்கும் ஆறுமுகநேரிக் கடைக்காரர் மகள் அனுசியா, லேப்டாப்பில் பாடம் கேட்டுவிட்டுக் குறிப்புகளை அனுப்புவாள்.

செமஸ்டர் தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். விடைத்தாள்களைப் படம் பிடித்து, நேரத்துக்குள் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். அன்று ஜேசுபாதம் போனை மேசையில் வைத்தார்.

"நீ வச்சிக்கோ மக்கா. மத்தியானத்துக்குள்ள வந்திருவேன்."

சின்ன வல்லத்தில் தனியாகத்தான் போனார்.

பெனிஷா எழுதி முடித்தபோது காற்று மாறியிருந்தது. மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். தாள்களை முழங்காலால் அழுத்திப் படம் பிடித்தாள். பாதி ஏறும்போது போன் அடித்தது. அன்று வேறு வல்லத்தில் தொழிலுக்குப் போயிருந்த டெரன்ஸ்.

"நாங்கல்லாம் கரை புடிச்சிட்டோம். உங்கப்பாவக் காணலயே. பேசினாவளா?"

"போன் இங்கன இருக்கு மாமா."



பேசியதில் நெட் அறுந்து, ஏறியதெல்லாம் போயிற்று. மறுபடி தொடங்கினாள். மறுபடி போன். இம்முறை அனுசியா.

"ஏளா, இன்னும் அனுப்பலயா? கால் வராம ஆக்கிட்டு அனுப்பு. டைம் முடியப் போவுது."

பெனிஷாவின் விரல் அந்தப் பட்டன் வரை போனது. கீழே ஏணியடியில் அம்மா விக்டோரியா அண்ணாந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்காவது கரையேறி, யாருடைய போனிலாவது கூப்பிட்டால்?

விரலை எடுத்துக்கொண்டாள். வந்த அழைப்புகளையெல்லாம் எடுத்துப் பேசினாள். கடைசியில் தளம் மூடிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தெரியாத எண்ணிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான்தான் மக்கா. எஞ்சின் நின்னு போச்சு. புன்னக்காயல்காரங்க கட்டி இழுத்துட்டு வந்தாவ. பரீட்சைய அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்ப்பா," என்றாள். அம்மா மணலில் உட்கார்ந்து அழுதாள்.

முடிவு வந்தபோது அந்தப் பாடத்துக்கு நேரே 'வரவில்லை' என்றிருந்தது. அன்று ஜேசுபாதம் சாப்பிடவில்லை.

"போனக் குடுத்ததே அதுக்குத்தானேளா?"

"நீங்க கூப்பிட்டா யாருப்பா எடுக்க?"

அடுத்த செமஸ்டரில், தேர்வு நாட்களில் அவர் வல்லத்தை இறக்கவே இல்லை. கல்லூரி திறந்தபின் தேர்வறையில் எழுதிய அரியரில் பெனிஷா தேறினாள்.