அட்டை வந்தது, ஆள் வரவில்லை

என் அண்ணியால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட மேஜைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். படுக்கப் போகும் முன் போர்வையை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். "உங்க அண்ணன் என்னைக் கட்டினதே வீட்ல ஃபேன் இல்லாததாலதான். நான் அங்கயும் இங்கயும் நடந்தா காத்து வரும்ல" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

நாங்கள் இருவரும் உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறோம். அவளுக்கு ஆறாம் தளத்தில் பதினாறு அறைகள். படுக்கை விரிக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், யாரோ விட்டுப்போன ஈரத் துணியை எடுத்துக் காயப்போட வேண்டும். எனக்குக் கீழே சலவைக்கூடத்தில் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் எனக்கு ஊமைச்சி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அறை சுத்தம் செய்பவர்களுக்கு ஒன்பது மாதம் கப்பல், ஒன்றரை மாதம் வீடு. அண்ணிக்கு ஏழு வயதில் ஒரு மகள். போன தடவை வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண் முதல் இரண்டு நாள் அம்மாவை "நீங்க" என்று கூப்பிட்டதாம். விருந்தாளியைக் கூப்பிடுவது போல. அண்ணி அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் போர்வையை நான்கு தரம் மடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பாதுகாப்புப் பயிற்சிக் குழுவில் சேர வேண்டும் என்று கிளம்பினாள். அதில் இருப்பவர்களுக்கு நான்கு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. சேர வேண்டுமென்றால், பயணிகளுக்கு நடக்கும் பயிற்சியில் ஒரு கூடுமிடத்தைப் பொறுப்பேற்று, ஆறு தடவை பிசகில்லாமல் நடத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். ஆறும் தொடர்ந்து வர வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பம்.

எங்கள் கப்பல் வாரம் ஒரு பயணம் போகும். ஒவ்வொரு பயணத்திலும் கரையை விட்டு நகரும் முன் பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல். அது கேட்டதும் பயணிகள் எல்லோரும் அவரவர் அறை அட்டையில் எந்த எழுத்து இருக்கிறதோ அந்தக் கூடுமிடத்துக்கு வர வேண்டும். அங்கே அட்டையை டேப்லெட்டில் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும், ஒரு ஆள் வந்ததாகக் கணக்கு. அதே நேரத்தில் வேறு சிலர் அறை அறையாகத் தட்டிப் பார்த்து, காலியாக இருந்தால் கதவில் சீட்டு மாட்டுவார்கள். எல்லோரும் வந்ததும் லைஃப் ஜாக்கெட் கட்டும் விதத்தைச் செய்து காட்டிக் கலைந்துபோகச் சொல்வார்கள். எனக்கும் அந்த நேரத்தில் ஒரு வேலை உண்டு. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கூடுமிடத்து வாசலில் நின்று கையை நீட்ட வேண்டும். "உனக்குன்னே செஞ்ச வேலைடி. வாயே தேவையில்ல" என்பாள் அண்ணி.

அவள் ராப்பகலாகப் பழகினாள். தலையணையை மார்பில் கட்டிக்கொண்டு, எங்கள் அறையின் ஒன்றரை அடி இடைவெளியில் நின்று, "விசில் இங்கே. விளக்கு இங்கே. தண்ணி பட்டா தானா எரியும்" என்று கையை வீசுவாள். மேல் படுக்கையிலிருக்கும் நான்தான் பயணி.

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

"இல்ல அண்ணி."

"உன்னை மாதிரி நூறு பயணி வந்தா நான் கேப்டனே ஆயிடுவேன்."

ஐந்து கையெழுத்து வந்துவிட்டது. எங்கள் ஒப்பந்தம் முடிய நான்கு வாரம் இருந்தது. ஆறாவது கையெழுத்துக்கான நாளன்று காலையில் அவள் ஒரே அறைக்கு இரண்டு தரம் துண்டு வைத்துவிட்டு, மூன்றாம் தரமும் வைக்கப் போனதாகப் பக்கத்து அறைக்காரி வந்து சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு ஊதல். எங்கள் இடம் 'சி', கப்பலின் வலது பக்கத்து உணவுக்கூடம். வர வேண்டியவர்கள் நூற்று முப்பத்தெட்டுப் பேர். படிக்கட்டில் கூட்டம் இறங்கியது. பாதிப் பேர் கையில் குளிர்பானம். ஒருவர் நீச்சல் உடையோடு வந்து, "மூழ்காதுன்னு சொல்லித்தானம்மா டிக்கெட் வித்தீங்க?" என்றார். பின்னால் வந்தவர், "இந்த விசிலை ஊதினா நிக்க, கடல்ல பஸ்ஸா போகுது?" என்றார். அண்ணி சிரித்தபடியே ஒவ்வொரு அட்டையாக வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பீப். பீப்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தலை ஈரம் சொட்ட, தோளில் துண்டோடு வந்தார். கையில் இரண்டு அட்டை.

"இது என்னோடது. இது எங்கம்மாவோடது. பின்னாடியே வராங்க."

அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அண்ணி இரண்டு அட்டையையும் காட்டினாள். பீப், பீப். அவர் உள்ளே போனார்.

கூட்டம் குறைந்தது. கடைசி ஆளும் வந்து, டேப்லெட்டில் நூற்று முப்பத்தெட்டு என்று பச்சையாக வந்தது. மற்ற இடங்களில் இன்னும் முடியவில்லை. அண்ணி டேப்லெட்டைப் பார்க்கவில்லை. என் பின்னாலிருந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"அந்த அம்மா வந்தாங்களா? வயசானவங்க?"

"வரல அண்ணி."

"நல்லா பாத்தியா?"

"நான் வேற என்ன பண்றேன் இங்க?"

நேராக அந்த மனிதரிடம் போனாள். அவர் கைப்பேசியில் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "சார், உங்கம்மா எங்க?"

அவர் கொஞ்சம் அசடு வழியச் சிரித்தார். "உண்மையச் சொன்னா, ரூம்ல தூங்குறாங்க. நான் அப்பவே நீச்சல் குளத்துக்குப் போயிட்டேன். எண்பத்திரண்டு வயசு, காது வேற சரியா கேக்காது. ஒரு பயிற்சிக்காக எழுப்பணுமா? அட்டைதான் வந்துடுச்சே, விடுங்களேன்."

அண்ணி சுவரிலிருந்த போனை எடுத்து ஆறாம் தளத்தில் சோதனை செய்தவளைக் கூப்பிட்டு அந்த அறை எண்ணைச் சொன்னாள். எதிர்முனை பேசியது எனக்கும் கேட்டது.

"அது காலி. குளியலறையும் பாத்துட்டேன். சீட்டு மாட்டியாச்சு."

அண்ணி போனை வைத்தாள். மறுபடி எடுத்தாள், வைத்தாள். கணக்கில் அந்த அம்மா எங்களோடு இருந்தார். அறையில் இல்லை. எங்களோடும் இல்லை. அந்த மனிதர் கைப்பேசியைச் சட்டென்று கீழே இறக்கினார். "ரூம்ல இல்லையா? அவங்களுக்குக் கதவு திறக்கவே வராதே."

அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரி படியில் வருவதைப் பார்த்தேன். எப்போதும் கடிகாரத்தையே பார்ப்பதால் அவரை எல்லோரும் நிமிஷம் சார் என்போம். அவர் கையில் அண்ணியின் தாள் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, அவர் கையெழுத்து போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் நாம ரெண்டு பேரும் தேடலாம். நான் எல்லா தளமும் ஓடறேன்."

"கலைஞ்சு போங்கன்னு சொல்லிட்டா ரெண்டாயிரம் பேரும் நடந்துட்டு இருப்பாங்கடி. அதுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு எப்படிப் பாப்ப? இப்ப எல்லாரும் நின்ன இடத்துல நிக்கறாங்க. இப்பதான் தெரியும்."

"பாப்பா காத்துட்டு இருக்கா அண்ணி."

அவள் என் கையை உதறினாள்.

நிமிஷம் சார் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். "நூத்தி முப்பத்தெட்டு. இன்னிக்கு முதல்ல முடிச்சது நீதாம்மா. மத்தவங்களும் முடிச்சுட்டாங்க." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "கலைஞ்சு போகச் சொல்லிடவா?"

"வேணாம் சார். ஒரு ஆள் இல்ல."

"நிறைஞ்சிருக்கேம்மா."

"அட்டையத்தான் காட்டினேன் சார். ஆளைப் பாக்கல. தப்பு என்னோடது."

அவர் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். எல்லாக் கூடுமிடத்திலும் யாரையும் விடாதீர்கள், அட்டையை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள் என்று ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது. பயணிகள் முணுமுணுத்தார்கள். நீச்சல் உடைக்காரர் குளிர்கிறது என்றார். அண்ணி ஒவ்வொரு தலையாகத் தொட்டுவிடுவது போல விரலை நீட்டி எண்ணினாள். நூற்று முப்பத்தேழு. மறுபடி எண்ணினாள். அதேதான். கப்பல் இன்னும் கரையில்தான் கட்டியிருந்தது. ஆனாலும் அந்த மகன் சன்னலோரம் போய்த் தண்ணீரையே குனிந்து பார்த்தார். நானும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டு நிமிடம் கழித்து இடது பக்கத்து அரங்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு தலை கூடுதல்.

நிமிஷம் சாரோடு அண்ணியும் மகனும் ஓடினார்கள். நானும் தொப்பியோடு பின்னால் ஓடினேன். அரங்கத்தின் மூன்றாவது வரிசையில் ஒரு சிறிய அம்மா, அறை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளது போலவே லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே வந்திருந்த அத்தனை பேரிலும் அப்படிச் சரியாகக் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"எங்க போன, அம்மா?" என்று மகன் கத்தினார்.

"நீ எங்கடா போன?" என்றார் அந்த அம்மா, அவரைவிடச் சத்தமாக. "கட்டில் அதிர்ந்துச்சு, விளக்கு மின்னுச்சு, எழுந்து பாத்தா உன்னைக் காணோம். எப்படியோ கதவைத் திறந்தேன். வெளிய ஒரு குடும்பம் போச்சு, கூடவே வந்தேன். இவரு உட்காருன்னாரு. படம் போடப் போறாங்கன்னு நெனச்சேன்." காது கேளாதவர்கள் தங்கும் அறையில் ஊதலோடு கட்டிலும் அதிரும், விளக்கும் மின்னும்.

"இவரு" என்பது அந்த இடத்தின் பொறுப்பாளர், மதுக்கூடத்தில் வேலை செய்யும் பார்க்காரர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அட்டை இல்லன்னாங்க. வீட்டு ஆளுங்க கையில இருக்கும்னு விட்டுட்டேன் சார். என் கணக்கும் நிறைஞ்சுதான் இருந்துச்சு."

கப்பல் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பயிற்சி முடிந்ததும் நிமிஷம் சார் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வெளியே நின்றேன். கதவு முழுதாக மூடவில்லை.

"நீ சொல்லலேன்னா நான் கலைச்சிருப்பேன்" என்றார். "அதை எழுதிட்டேன். வராத ஆளை வந்ததா காட்டினே. அதையும் எழுதணும்."

"எழுதுங்க சார்."

"அப்ப விதிப்படி மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"எனக்கு நாலு வாரம்தான் சார் இருக்கு."

"தெரியும்மா." அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு வேற வழி இல்ல. அடுத்த தடவை இதே கப்பலுக்கு வா. நானும் இருப்பேன்னு நெனக்கறேன்."

அண்ணி வெளியே வந்தாள். பார்க்காரர் நடையில் காத்திருந்தார். அவர் ஏற்கனவே குழுவில் இருப்பவர். "ரெண்டு பேரும் ஒரே தப்புதான் பண்ணினோம். எனக்கு ஒரு திட்டு, உனக்கு ஒன்பது மாசம். மன்னிச்சுக்கம்மா" என்றார். அண்ணி தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். நான் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது.

கரை தூரமாகிவிட்டால் போனில் சிக்னல் இருக்காது. ஊழியர்களுக்கான பின்தளத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணன்தான் எடுத்தான். ஸ்பீக்கரில் கேட்டது. அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"யாரோ ஒரு அம்மா தூங்குறான்னு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான் அண்ணன்.

"அவங்க தூங்கலயே. அதான் சொல்றேன்."

"சரி, இவகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

மகள் வந்தாள். "ஆறு ஆயிடுச்சாம்மா?"

"இல்லடா. ஒரு பாட்டி காணாம போயிட்டாங்க. ஒண்ணுலேர்ந்து திரும்பப் பண்ணணும். அடுத்த தடவையும் ஒன்பது மாசம்தான்."

அண்ணி கம்பியோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"அந்தப் பாட்டி யாரு? நமக்குச் சொந்தமா?"

"இல்ல."

"அவங்களுக்காகவா நீ வரல?"

அண்ணி நின்றாள். பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மழை, புயல், கேப்டன் என்று எதையாவது.

"ஆமா" என்றாள்.

"நான் உன்கூட பேசல. அத்தைகிட்ட குடு."

அண்ணி போனை என்னிடம் நீட்டினாள். நான் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "பாப்பா" என்று மட்டும் சொன்னேன். சிக்னல் போகும் வரை அப்படியே வைத்திருந்தேன்.

அதற்குள் அண்ணி கீழே போய்விட்டாள். இன்னும் ஏழு அறைக்கு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது.