தங்கபாய் அம்மாளின் பிடி அரிசி

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் ஒன்பது மணிக்கும் நிற்கவில்லை. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டுமே இருந்தது.

"ஏட்டி, டப்பாவ முந்தானைக்குள்ள வையி. நீ நனஞ்சா காஞ்சிருவ. அரிசி நனஞ்சா புழுத்துப் போயிரும்."

மம்சாபுரத்தில் உள்ள எங்கள் தேவாலயத்தின் வாசலில், தகரக் கூரைக்கு அடியில் நின்றபடி, தங்கபாய் அம்மாள் சபையாரை இப்படித்தான் வரவேற்கிறார். அவர் முன்னால் ஓர் அலுமினிய அண்டா. கையில் ஒரு படி. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குப் பிடி அரிசி ஞாயிறு. சோறு வடிக்கும் ஒவ்வொரு நாளும், அரிசியைக் களைவதற்கு முன், வீட்டில் உண்பவர் ஒருவருக்கு ஒரு பிடி வீதம் எடுத்துத் தனி டப்பாவில் இட்டுவைக்க வேண்டும். மாதம் முழுவதும் சேர்ந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். துணையின்றி வாழும் முதியோர் பதினொருவருக்கு அந்த அரிசியில் உணவு நடக்கிறது. மிஞ்சுவது ஏலத்துக்குப் போகும்.

அன்று முதலில் வந்தவள் ஜெபா. வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரின் மனைவி. டப்பாவை நீட்டும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது.

"அத்த, அவிய பத்து நாளு லோடு ஏத்திக்கிட்டுக் கேரளாவுக்குப் போயிட்டாவ. அந்தப் பத்து நாளுக்கும் அவிய பிடியச் சேத்தே வச்சிருக்கேன்."

"எதுக்கு வச்ச? அவன் பத்து நாளும் ஓட்டல் சோறுல்லா தின்னான். நம்ம அடுப்புல எத்தன பேருக்கு வேகுதோ அத்தன பிடி. கூடவும் வேண்டாம், கொறயவும் வேண்டாம். பெருமைக்குப் போடுத பிடி எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு, ஜெபாவின் டப்பாவுக்குள் கையை விட்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிப் பத்துப் பிடி அரிசியை அள்ளி அவள் முந்தானையிலேயே திரும்பப் போட்டார்.

"ஆண்டவருக்குக் கொண்டாந்தத வாங்க மாட்டேங்குத ஒரே ஆளு இந்த ஊருல நீங்கதான் அத்த!" என்றாள் ஜெபா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கபாய் அம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த டப்பாவுக்குக் கை நீட்டினார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இராஜபாளையத்தில், மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியைச் சுருட்டி உறையிடும் ஒரு பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பஞ்சின் நூலிழைகள் எப்போதும் அவர் தலைமுடியில் ஒட்டியிருக்கும். நரை எது, பஞ்சு எது என்று அருகில் சென்றால்தான் தெரியும். கையில் எது கிடைத்தாலும் சுருட்டிவிடுவது அவர் வழக்கம். பேருந்துச் சீட்டு, ஜெப அட்டை, கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது. பேச்சு முடிவதற்குள் அது விரலளவு உருளையாகி அவர் உள்ளங்கையில் நிற்கும். அவர் வீட்டு அலமாரியில் பழைய நோட்டீசுகள் அடுக்கடுக்காக, ஏதோ காயத்துக்குக் காத்திருப்பவைபோல், சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தனியாகத்தான் இருக்கிறார். இருந்தும் பட்டறைக்கு அவர் கொண்டுபோகும் தூக்குவாளி பெரியது. உடன் வேலை செய்யும் சீனியம்மாள் அதைத் திறக்கும்போதெல்லாம் வியப்பாராம்: "ஒத்தக் கட்டைக்கு எம்புட்டுச் சோறுக்கா! உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியா?" தங்கபாய் அம்மாள் சொல்லும் மறுமொழி ஒன்றே: "வடிக்கையில கை நீண்டு போச்சுடி. நீயும் ரெண்டு வாயி தின்னு." பாதியைச் சீனியம்மாளின் தட்டில் கவிழ்த்துவிடுவார்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் பட்டறை வாசலிலேயே நின்று பத்தில் ஒன்றை எடுத்துவைத்துவிடுவார். பேருந்துச் சீட்டு வாங்குவதுகூட அதற்குப் பிறகுதான். கழிவு பேண்டேஜ் துணுக்கில் அந்த நோட்டுகளைச் சுருட்டி, நுனியைப் பல்லால் கிழித்து முடிச்சிடுவார். காணிக்கைப் பையில் அந்த உருளை விழும்போது சிறு ஓசைகூடக் கேட்காது.

இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'தசபாகம்'. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழாசிரியராக இருந்த எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் விளக்கினேன். தசம் என்றால் பத்து. தசமம் என்றால் பத்தாவது. ஆகவே தசமபாகம் என்பதே சரி. தசபாகம் என்றால் பத்துப் பங்கும் என்று பொருள்பட்டுவிடும்.

கவனமாகக் கேட்டார். "பத்துப் பங்குமா?"

"ஆம்."

"அப்ப நான் சொல்லுததுதான் சார் சரி. பத்தும் அவருதுதான. ஒம்பத நம்ம கையில விட்டு வச்சிருக்காரு."

அதன்பின் அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை.

காணிக்கையைப் பற்றிப் பேச அவர் பிரசங்கபீடம் ஏறியதில்லை. வீடுகளுக்குப் போவார், அடுப்படி வாசலில் நிற்பார், கேட்பார். ஆலயக் கூரை ஒழுகுகிறது, நாற்காலி உடைந்துவிட்டது என்றெல்லாம் காரணம் காட்ட மாட்டார். கொடுத்தால் பெருகும் என்று ஆசையும் காட்ட மாட்டார். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்று முழங்கியபோது, பெண்கள் வரிசையிலிருந்து, "இது காணிக்கையா, சீட்டா?" என்று ஒரு குரல் கேட்டது. பிரசங்கியார் தண்ணீர் குடித்தார். எதற்காகத்தான் கொடுப்பது என்று பின்னொரு நாள் நான் கேட்டேன். "சாப்பிட்டோம்லா சார்" என்றார். "அதுக்குத்தான்."

ஏலத்தில் அந்த அரிசியைப் பெரும்பாலும் எடுப்பவர், கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருக்கும் நைனா முகமது. இட்லி மாவு அரைப்பவர்கள் அவரிடம் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். விலை பேசும்போது அவர் குறை சொல்லாமல் இருந்ததில்லை.

"அக்கா, பொன்னி, ரேசன், புழுங்கல், பச்ச எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. அம்புட்டு வீட்டு அரிசியும் ஒரே கொதியில வேகாதுக்கா."

"எங்க சபையும் அப்படித்தான் பாய். நாங்க பொறுத்துக்கிட்டு வேக வைக்கலியா?"

அவர் சிரித்துக்கொண்டே ஏலத்தில் இருபது ரூபாய் கூட்டுவார். "எங்க பள்ளிவாசலுக்கு இப்படி ஒரு ஆளு இருந்தா எனக்கு நிம்மதியே இருக்காது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அது குறையா புகழா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

வீடுகளுக்குச் செல்லும்போது தங்கபாய் அம்மாள் இரண்டு கேள்விகள் கேட்பார். முதலில், "சாப்பிட்டாச்சா?" மறுமொழி வந்த பிறகு, சற்று நின்று, "எடுத்து வச்சாச்சா?" இந்த வரிசை மாறவே மாறாது. இல்லை, சாப்பிடவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே திரும்பிவிடுவார்.

முன்பெல்லாம் ஒரே கேள்விதான் இருந்தது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகன் வினோத், ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தான். பையில் அம்மாவுக்கு ஒரு நூல்சேலை இருந்தது. வாசலில் செருப்பின் ஓசை கேட்டதும், அரிசி களைந்துகொண்டிருந்த தாய் உள்ளிருந்தபடியே கேட்டார்: "எடுத்து வச்சியாலே?"

"ராத்திரி பூரா பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்" என்றானாம் அவன். "சாப்பிட்டியான்னு கேக்கணும்னு தோணலியாம்மா ஒனக்கு?"

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிறு, ஆராதனை தொடங்குமுன் பேருந்து ஏறிவிட்டான். பத்தில் ஒரு பங்கைச் சேலையின் மடிப்புக்குள் வைத்துவிட்டுப் போயிருந்ததை அவர் பிறகுதான் பார்த்தார். சில மாதங்கள் தொலைபேசியில் ஓரிரு சொற்கள் பேசினான். அதன்பின் அந்த எண் அணைந்துவிட்டது. ஓசூருக்கு இவர் மூன்று முறை போய்வந்தார். வேலையை விட்டு வடக்கே எங்கோ போய்விட்டதாக உடன் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

இதை என்னிடம் சொன்ன நாளில், அவர் கையில் பேருந்துச் சீட்டு ஒன்று நூல்போல் சுருண்டிருந்தது. "கேட்டது தப்பில்ல சார். மொதல்ல கேட்டதுதான் தப்பு."

பிழை சொல்லில் அன்று, வரிசையில் இருந்தது என்கிறார். இலக்கணம் படித்த நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன். அதையும் எழுதிவிடுவதே முறை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அறுப்பின் பண்டிகையன்று, தங்கபாய் அம்மாள் ஒரு காணிக்கை உறையோடு என்னிடம் வந்தார். அவர் கையெழுத்து கோணும் என்பதால் எப்போதும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். "எம்மவன் வினோத்த நெனச்சுன்னு எழுதுங்க சார்" என்றார். அச்சுக்கும் மேடைக்கும் ஏற்றவாறு செம்மைப்படுத்துவது என் பழக்கம். 'மகன் வினோத் நினைவாக' என்று எழுதினேன். நெனச்சு என்பதன் திருந்திய வடிவமாகவே அது எனக்குப் பட்டது. பொருளிலும் குற்றமில்லை.

ஆனால், சபைக்கென்று ஓர் அகராதி உண்டு. அதில் 'நினைவாக' என்ற சொல் இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. போதகர் உறையைப் பார்த்தார். நினைவுக் காணிக்கைப் பட்டியலில், சென்ற ஆண்டு மறைந்த இருவரின் பெயர்களுக்கு அடுத்ததாக, வினோத்தின் பெயரை வாசித்தார்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெண் திரும்பி, தங்கபாய் அம்மாளின் கையைப் பற்றினாள். "எப்பம்மா வந்துச்சு சேதி? எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே." இன்னொருத்தி அழத் தொடங்கிவிட்டாள். அவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். எழுந்தார். நடு நடைபாதையில் நேராக நடந்து பீடத்தருகே போய், "ஐயா, அந்தக் கவரத் தாங்க" என்றார். படைத்த காணிக்கையைத் திரும்பக் கேட்டவரை எங்கள் சபை அதற்கு முன் கண்டதில்லை. போதகர் கொடுத்தார். உறையின்மேல் நான் எழுதியிருந்ததைக் கிழித்துச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, பணத்தை, நன்றி செலுத்துவோர் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் எல்லாரோடும் பாட்டுப் பாடினார்.

வெளியே வந்ததும் அவர் முன் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரே பேசினார்.

"உங்க எழுத்துல ஒரு தப்பும் இல்ல சார். எம்புள்ளதான் சாகல."

இன்றுவரை அவன் பெயரில் எந்த உறையும் எழுத அவர் என்னிடம் வந்ததில்லை. வேறு யாரிடமும் போனதாகவும் தெரியவில்லை. மகனுக்காக அவர் காணிக்கை படைப்பதையே விட்டுவிட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன்.

நவம்பர் 2ஆம் நாளுக்குத் திரும்புகிறேன். அரிசியை வழக்கமாக அளப்பவர், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையான தவசிமுத்து. அன்று அவருக்குக் காய்ச்சல். அண்டா பாதி நிரம்பியதும் தங்கபாய் அம்மாள் படியை என்னிடம் நீட்டினார். "தமிழ் வாத்தியாருன்னாலும் பரவால்ல, படிய நேராப் புடிச்சாப் போதும்." அவர் டப்பாவைக் கவிழ்ப்பார், நான் அளப்பேன், அவர் உள்ளங்கையால் தலைதட்டுவார். நாற்பது வீடுகளின் அரிசி அப்படி எங்கள் கைகளின் வழியே போயிற்று. ஆராதனை மணி அடித்துக் கூட்டம் உள்ளே போன பிறகு எஞ்சியது ஒரு டப்பாதான். பழைய பிஸ்கட் டப்பா. மூடியைச் சுற்றிப் பேண்டேஜ் துணி. அது அவருடையது.

அளந்தேன். ஒரு படி நிறைந்தது. டப்பாவில் இன்னும் இருந்தது. மீண்டும் அளந்தேன். இரண்டாவது படியும் நிறைய விரலளவே குறைந்தது.

அக்டோபருக்கு முப்பத்தொரு நாள். நாளுக்கு ஒரு பிடி என்றால் ஒரு படி சேர்வதே அரிது. எப்படிக் கணக்கிட்டாலும் இது நாளுக்கு இரு பிடி அரிசி. சற்றுமுன் ஜெபாவுக்குத் திரும்ப அள்ளிக் கொடுத்த அதே கை, அதிகமாக ஒரு பிடி வைக்குமா? பெருமைக்கு வைக்கும் கை அது அன்று. மகன் பெயரால் வைப்பதென்றால், வெளியூரில் உண்பவனுக்கு இங்கே பிடி இல்லை என்று அவரே விதி சொன்னவர்.

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அம்மா, உங்கள் அடுப்பில் ஒருவருக்குத்தானே வேகிறது? பிடி எப்படி இரண்டாயிற்று?"

படியின்மேல் கூம்பியிருந்த அரிசியை அவர் உள்ளங்கையால் மெல்லத் தடவிச் சமப்படுத்தினார். சிந்திய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அண்டாவில் போட்டார்.

"நான் ரெண்டு பேருக்குத்தான சார் வடிக்கேன்."