துருத்திக்கு ஓய்வு நாள்

முதலில் வருவது பாட்டு இல்லை, பெருமூச்சு. பலகைகளுக்குப் பின்னால் யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்ததை விட்டதுபோல் "உஸ்ஸ்" என்று காற்று வரும், அதன் பிறகுதான் எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் "குழாய்ப் பெட்டி" என்று சொல்லும் அந்த ஆர்கன் பாடத் தொடங்கும். எழுபதுகளில், பிரிஞ்சாங் மலைச் சாலையோரத்து வெள்ளைக்காரர் தேவாலயமான "துரைமார் கோயிலில்", முன்னால் உட்கார்ந்து கட்டைகளை அழுத்தியவர் எங்கள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி. பின்னால் மறைவில் நின்று, மரப்பிடியை ஏற்றி இறக்கித் துருத்திக்குக் காற்று அடித்தவர், மற்ற நாட்களில் தேயிலை ஆலையில் வேலை செய்த என் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்பா மட்டுமே தெரிவார், ஆகவே வாசிப்பவர் அவர்தான் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஓர் ஆண்டு ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. ஆலை இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அப்பா விடியற்காலையிலேயே போய், துருத்தியின் பிடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கோயில் அவர்களுடையதாயிற்றே என்று கற்பூரம் மட்டும் காட்டவில்லை. பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆராதனை தொடங்கியதும் துரைசாணி கட்டைகளை அழுத்தினார், சத்தமே இல்லை. எழுந்து வந்து பார்த்தால், அப்பா கைகட்டி நிற்கிறார்.

"இன்னிக்கு அதுக்கு ஓய்வும்மா. நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் அடிக்கிறேன்."

துரைசாணி திட்டவில்லை. பொட்டைப் பார்த்துவிட்டுப் போனார், அன்று வெறுங்குரலில் பாடினார்கள். அப்பா இல்லாமல் அது ஊமை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தீபாவளிக்குள் காற்றடிக்க ஒரு மோட்டார் வந்துவிட்டது. கோபத்தில் வாங்கினார்களா, முன்பே சொல்லி வைத்திருந்தார்களா, யாரும் சொல்லவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிறன்று நானும் அவரும் வெளியே நின்று கேட்டோம். அதே பெருமூச்சு, அதே பாட்டு. அப்படியானால் இத்தனை நாள் வாசித்தது யார்? அப்பா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அண்மையில் அங்கே போயிருந்தேன். குழாய்ப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு கீபோர்டு. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் பழைய பெட்டியின் வரலாற்றைச் சொன்னார்: எந்தத் துரை கப்பலில் வரவழைத்தார், யார் யார் வாசித்தார்கள், எண்பதுகளில் ஈரத்தில் மரம் உளுத்துப்போனதும் அதை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்பது வரை.

"காத்து யாரு அடிச்சது, தம்பி?"

"ஆளா? அது மொதல்லேருந்தே கரண்ட்லதான் லா ஓடுச்சு, அக்கா."

எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு அவ்வளவு உறுதியாகச் சொன்னார். துருத்தி இருந்த மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இன்னும் விளங்கவில்லை.