கண்ணாடியைத் திருப்பி வைப்பவர்

உதட்டுச் சாயம் பூசி முடித்ததும் மகாராணி கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். விக் மாட்டுவது, தோடு திருகுவது, முதுகில் ஜிப்பை ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு குத்துமதிப்பாகத்தான் நடக்கும். விக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தட்டு எடுக்க வரும் சர்வர் நின்று நேராக்கிவிட்டுப் போவார். ஹோட்டல் சமையலறையை ஒட்டிய சாமான் அறைதான் ஒப்பனை அறை. உருளைக்கிழங்கு மூட்டை நாற்காலி, கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின் மேசை. "என்ன மகாராணி, உங்க கண்ணே உங்களுக்குப் பட்டுடுமா?" என்று சர்வர் கேட்பார். "ஆமாப்பா, என் அழகை என்னாலயே தாங்க முடியல" என்பார் மகாராணி. சர்வர் சிரித்துவிட்டுப் போவார். கேள்வியும் அவரோடு போய்விடும்.

மகாராணி என்பது மேடைப் பெயர். ஆள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளை. அகலமான தோள், கதவுப் பிடியைத் திருகினால் கையோடு வந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் பெரிய கைகள். அவர் காலுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆண்கள் ஷூவைக் கொண்டுபோய், செருப்புத் தைப்பவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடியில் கட்டை வைத்து வாங்கிக்கொள்கிறார். பகலில் பேன்ட் சட்டையில் பார்த்தால், பஸ்ஸில் எல்லாரையும் முன்னால் ஏற விட்டுவிட்டுக் கடைசியில் படியில் தொற்றிக்கொள்ளும் சாதுவான மனிதர். கவுனுக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. முன்வரிசையில் மிடுக்காக உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதராகப் பார்த்து அவர் மடியில் கைப்பையை வைத்து, "தம்பி, இதக் கொஞ்சம் பாத்துக்க. தொறந்து மட்டும் பாக்காத, மயக்கம் வந்துடும்" என்பார்.

பட்டம்தான் மகாராணி. மேடையில் வந்து நிற்பதென்னவோ நாள் முழுக்க நின்று வேலை செய்து இடுப்பொடிந்துபோன ஒரு பெண்மணி. "நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு ஒன்றுவிடாமல் சொல்வார். சூடாகாத இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கு நிற்பார், சாத்திக்கொண்ட கதவை வாடி போடி என்று திட்டுவார். எல்லாவற்றுக்கும் சிகரம் போன் காட்சி. மணி அடித்ததும் எழுந்து நின்று உடையை நீவி விட்டுக்கொள்வார், பேசப்போகிறவர் எதிரே வந்து நிற்பதுபோல. அப்புறம் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரலில் பேச்சு. முடிக்கிற இடம்தான் வேடிக்கை. "வைக்கட்டுமா? சரி, வைக்கிறேன். நீங்க வைங்க. இல்ல, நீங்க மொதல்ல வைங்க. நான் வெச்சுட்டேன்." வைக்கமாட்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மகாராணியும் சிரித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போலப் புறங்கையால் வாயை மூடிக்கொள்வார். அந்தப் புறங்கைக்காகவே மறுபடி மறுபடி வருகிறவர்கள் உண்டு.

பெண் வேஷம் போட வெட்கமாக இல்லையா என்று அவரைக் கேட்காத ஆள் இல்லை. "கவுன் பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு? துணிதானே" என்பார். வாய்க்கு வந்த பதிலில்லை, மனசார நம்புகிற விஷயம். கவுன் அணிந்துகொண்டால் முதுகு நிமிர்கிறது, பேச்சு வருகிறது. அதில் அவருக்கு வெட்கம் ஒரு துளியும் கிடையாது. அவரைக் கூனிக் குறுக வைப்பது வேறொன்று. உதட்டுச் சாயம் ஏறியதும் கண்ணாடியிலிருந்து அவரைப் பார்ப்பது அவருடைய அக்கா.

அக்காதான் அவரை வளர்த்தார். அம்மா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனார். தம்பிக்குப் படிப்பு, தம்பிக்குச் சட்டை, தம்பிக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவர். அக்காவுக்கு முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதனால் சிரிப்பு வந்தால் புறங்கை தானாக வாய்க்குப் போய்விடும். தினமும் மதியம் கடைக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்தக் குரல் ரிசீவரைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்கும். கூட வேலை செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

ஒருநாள் போனை வைத்த கையோடு, அவர்கள் சிரிப்பதற்கு முன் அவரே முந்திக்கொண்டார். மேசைமேல் வெட்டிப் போட்டிருந்த பூப்போட்ட திரைத்துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு, அக்கா பேசுவதை அப்படியே பேசிக்காட்டினார். சிரிக்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டால் சிரிப்பு தன்மேல் விழாது என்ற புத்தி. கடையே அதிர்ந்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தார். மகாராணி பிறந்த கதை இவ்வளவுதான்.

அதன்பிறகு கடையின் ஆண்டு விழா, யார் யாரோ வீட்டுப் பிறந்தநாள் விருந்து, கம்பெனி விழாக்கள், கொஞ்ச காலம் உல்லாசக் கப்பல், கடைசியில் இந்த ஹோட்டல் என்று மகாராணி படிப்படியாக ஏறினார். தொலைக்காட்சியிலும் ஒருமுறை வந்தார். அன்றைக்குப் பார்த்து வீட்டில் பெட்டி வேலை செய்யவில்லை. அதன் வயரைப் பிடுங்கிவைத்தது யார் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

கவுன் விஷயம் அக்காவுக்குத் தெரியாதது இல்லை. முதல் கவுனைத் தைத்ததே அக்காதான். தம்பிக்கு இடுப்பு பெருத்தபோதெல்லாம் பிரித்துத் தளர்த்திவிட்டதும், உதிர்ந்த பாசிமணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைத்ததும் அக்காதான். "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்குடா" என்று அழகு பார்ப்பார். மேடையில் அந்த நீலத்துக்குள் நிற்கப்போவது யார் என்பது மட்டும் தெரியாது. ஒரு நாளாவது வந்து பார்க்கிறேனே என்று கேட்டுக் கேட்டுச் சலித்தார். "அங்கல்லாம் ரொம்பப் பெரிய ஆளுங்க வர்ற எடம், அக்கா" என்று தம்பி தட்டிக்கழித்தார். தன் கோலம் அந்த இடத்துக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டார். ஒருநாள் கடைக்குப் போய், பட்டை வைத்த புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து, பெட்டியோடு அலமாரியில் வைத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. தம்பிக்குப் புரிந்தது. அந்தச் செருப்புப் பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் அலமாரியைச் சாத்திவிட்டு நகர்ந்துவிடுவார்.

போன கோடையில் அக்காவுக்குப் பணி ஓய்வு. சலவைக்கூடத்தார் எல்லாரும் சேர்ந்து ஹோட்டலில் மதிய விருந்து ஏற்பாடு செய்தார்கள். கூடவே மகாராணியின் நிகழ்ச்சியும் வேண்டும் என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்து முகமெல்லாம் பூரித்துப்போய், "நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாத்தான் கேட்டாங்க" என்றார். ஹோட்டல் மேனேஜர் அதற்குள் தலையாட்டி முடித்திருந்தார். மறுக்க வழியில்லை.

அக்கா போனில் பேசுவதைப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் கேட்டவர்கள் அந்தச் சலவைக்கூடத்தார். முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே மகாராணி புதிதாக ஒரு பெண்ணை உண்டாக்க உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, மிடுக்கான வங்கி அதிகாரியம்மா. சாமான் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார். அதிகாரியம்மா வருவார், நாலு வார்த்தை பேசுவார், அதற்குள் புறங்கை வாய்க்குப் போய்விடும். இத்தனை வருஷத் தொழிலில் தனக்கென்று வேறு ஒரு சிரிப்புக்கூட இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. போன் காட்சிக்கு வைத்திருந்த பழைய ரிசீவரை, கை மறந்துபோய்க்கூட எடுத்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

விருந்தன்று அக்கா முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். காலில் புதுச் செருப்பு. அதைத் தெரியும்படி கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தார்.

அதிகாரியம்மா எடுபடவில்லை. கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது, பிறகு அதையும் நிறுத்தியது. கரண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா மட்டும் தம்பியை விட்டுக்கொடுக்காமல், எங்கே சிரிப்பது என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை மகாராணி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போது தன்னை மறந்து செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. நன்றாகத் தெரிந்தேதான் பரிமாறும் மேசைக்குப் போனார், நீளமான கரண்டி ஒன்றை எடுத்தார், நிமிர்ந்து நின்று கவுனை நீவி விட்டுக்கொண்டார், கரண்டியைக் காதில் வைத்தார். "ஹலோ? ஆமாங்க, நான்தாங்க. சொல்லுங்க."

கூடம் வெடித்தது. "அய்யோ, அப்படியே நம்ம அக்கா!" என்று ஒரு பெண் மேசையைத் தட்டினாள். எல்லாத் தலைகளும் முன்வரிசைக்குத் திரும்பின, மேடைக்குத் திரும்பின, மறுபடி முன்வரிசைக்குத் திரும்பின. வைக்கட்டுமா, நீங்க வைங்க, நான் வெச்சுட்டேன். மகாராணி ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. அக்காவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததும் புறங்கை வாய்க்குப் போயிற்று. அதே நேரம் மேடையிலும் ஒரு புறங்கை வாய்க்குப் போயிற்று.

கூடம் இரண்டு கைகளையும் பார்த்தது. அப்படியொரு சிரிப்பு மகாராணிக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை, அதன்பின்னும் கிடைக்கவில்லை. அக்கா மேடையிலிருந்த கையைப் பார்த்தார். தன் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்தார். வாய் தானாக மூடிக்கொண்டது. செருப்புக் கால்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் போயின.

பஸ்ஸில் வரும்போது, நிகழ்ச்சி நன்றாக இருந்ததென்று அக்கா சொன்னார். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், சூப்பர்வைசர்கூடச் சிரித்தார் என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதன்பிறகு, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் சிரிச்சா அப்படியாடா இருக்கும்?"

மகாராணி ஆயிரம் பேரை வாயால் மடக்குகிறவர். அன்றைக்கு மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கி, இனிமேல் அதைச் செய்யமாட்டேன் என்று மட்டும் ஒப்பித்தார்.

"ஏன், செய்யி. அதுக்குத்தானே வர்றாங்க" என்றார் அக்கா. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்து முடித்திருக்கலாம் என்று மகாராணி இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறார்.

செய்யமாட்டேன் என்றவர் அந்த வாரமே செய்தார். போன் காட்சி இல்லாமல் ஹோட்டலில் மகாராணியும் இல்லை. கைதட்டல் வாங்கிக்கொண்டு சாமான் அறைக்கு வந்து, திருப்பி வைத்த கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி சாயத்தைத் துடைக்கிறார். கொஞ்சம் அழுத்தித்தான் துடைக்கிறார். உதடு வெடித்துப்போகிறது.

கவுன்களுக்கு இன்றும் அக்காதான் தையல் போடுகிறார். நேற்று மாலை நீலக் கவுனின் ஜிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா பழக்க தோஷத்தில் பாதி எழுந்தார். உடையை நீவக் கை போனது. எதிரே சோபாவில் தம்பி இருப்பதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கையைக் குவித்து வாயை மறைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். அடுத்த தெருவுக்குக் கேட்டுக்கொண்டிருந்த குரல் சோபாவுக்கு வந்து சேரவில்லை. மகாராணி பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா தோளை எப்படிக் குறுக்குகிறார், தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார். சட்டென்று பார்வையைத் தாழ்த்தியவர், தன் இடது கை தானாக மேலே வந்து வாயருகே குவிந்து நிற்பதைக் கண்டார். அதை இறக்கித் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.