வாசலில் நிற்கக் கூடாது

கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் நடுவில் எந்தக் கல்யாணமானாலும் மண்டபத்து வாசலில் முதலில் கண்ணில் படுகிறவர் தீனதயாளன்தான். மாப்பிள்ளையின் அப்பா கூட அப்புறம்தான். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் பன்னீர்ச் செம்பு. கார் வந்து நின்றால் கதவைத் தானே திறப்பார். "வாங்க வாங்க! வூட்ல எல்லாரும் வந்துகீறாங்களா? பெரிய பொண்ண காணோமே, பரீச்சையா? சரி, மொதல்ல போய் கை நனைங்க" என்று ஒரு பாட்டம் விசாரித்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்.

சொந்தக்காரர் கல்யாணம் என்றில்லை, பக்கத்து ஊர்க்காரர் கல்யாணத்துக்கும் அப்படித்தான். பத்திரிகை வைக்க வருகிறவர்கள், "நீங்க வாசல்ல நின்னாதாங்க எங்களுக்குத் தெம்பு" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. மரவள்ளிக் காட்டில் களை மண்டிக் கிடந்தாலும் அன்றைக்கு அது அவர் கண்ணில் படாது. ஊரில் அவருக்கு வாங்கண்ணன் என்றே பேர் விழுந்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. சங்கராபுரம் ரோட்டை ஒட்டி அவருக்கு இருந்த நிலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும்.

"நல்லா வெளையற நெலத்துல எதுக்குங்க மண்டபம்?" என்று கேட்டாள் மனைவி ராணியம்மாள்.

"எத்தினி நாளைக்கு அடுத்தவன் வாசல்லயே நின்னுக்கினு இருக்கறது? என் வாசல்னு ஒண்ணு வோணும் ராணி."

மண்டபத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த வாசல்தான். ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய வளைவு, அதற்குக் கீழே செம்போடு அவர். மேடை, சாப்பாட்டுக் கூடம், சமையல் கட்டு எல்லாம் வளைவுக்குப் பின்னால் எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் வரைபடக்காரரிடம் அவர் சொன்னதன் சாரம்.

வரைபடம் குழுவிடம் போனது. பெரிய கடையோ மண்டபமோ வருவதற்கு முன்னால், அதனால் ரோடு என்ன பாடு படும் என்று பார்த்துச் சொல்ல டவுனில் ஒரு குழு போட்டிருந்தார்கள். நல்ல காரியம்தான். பஸ்ஸுக்குள் வெந்துகொண்டு, முன்னால் என்ன எழவு அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். குழுவில் இசைவாணி என்று ஒரு சின்ன வயது இன்ஜினியர், போக்குவரத்து எஸ்.ஐ. ஆதிமூலம், இன்னும் இரண்டு பேர்.

கட்டாத மண்டபத்துக்கு எத்தனை வண்டி வரும் என்று எப்படிப் பார்ப்பது? அதே அளவில் ஏற்கெனவே இருக்கிற ஒரு மண்டபத்தை முகூர்த்த நாளில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள் இசைவாணி. யாரிடமும் சொல்லாமல், வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கிளம்பினார்கள். முகூர்த்தக் கூட்டத்தோடு, கரியாலூர் அருவிக்குக் குளிக்கப் போகிற வேன்களும் சேர்கிற நாள்.

அந்த மண்டபத்து வாசலில் யார் நின்றிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஜீப் வேகம் குறைந்ததுதான் தாமதம், தீனதயாளன் குறுக்கே வந்து கதவைத் திறந்துவிட்டார். "வாங்க சார், வாங்கம்மா! நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"இல்லைங்க, நாங்க சும்மா ரோட்டைப் பாக்க..." என்று ஆரம்பித்தாள் இசைவாணி.

"ரோடு எங்க ஓடிப்போவுது? கை நனைக்காம போனா பொண்ணூட்டுக்காரங்க மனசு நோவும்."

அவள் தலையில் பன்னீர் விழுந்தது. ஆதிமூலத்தின் கையில் சந்தனம் ஏறியது. பின்னால் ஒரு கார் நின்றது, அதன் பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் அருவிக்குப் போகிற வேன், கரும்பு ஏற்றிய டிராக்டர். ஒரே ஹாரன் சத்தம். தீனதயாளன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவழியாக நால்வரும் தப்பித்து எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினார்கள். இசைவாணி போனை எடுத்து, நடப்பதையெல்லாம் வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள்.

குழு கூடிய நாளில் தீனதயாளன் அதே கஞ்சிச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். எதிரில் இருந்தவர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எந்தக் கல்யாணம் என்றுதான் பிடிபடவில்லை.

"உங்க இடத்துல ரோடு அகலமாத்தான் இருக்கு. வண்டி நிறுத்தவும் இடம் விட்டிருக்கீங்க" என்றாள் இசைவாணி. "அந்த மண்டபத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் ஏன் அவ்ளோ நெரிசல்னு பாத்தோம். நீங்களே பாருங்க."

சுவரில் வீடியோ ஓடியது. கார் வருகிறது. ஒருவர் கதவைத் திறக்கிறார், பன்னீர் தெளிக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார், மறுபடி பேசுகிறார். பின்னால் பஸ் நிற்கிறது. அடுத்த கார். மறுபடியும் அவரே. ஆதிமூலத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நெரிசல் கார்னால வர்லீங்க. உங்களாலதான் வருது" என்றார்.

அறையே சிரித்தது. தீனதயாளனும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இசைவாணி நிபந்தனையைச் சொன்னாள். ரோட்டுப் பக்கம் முழுக்க மதில்தான். வண்டியானாலும் ஆளானாலும் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போக வேண்டும். அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே வழியில் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். ரோட்டோரத்தில் நின்று யாரையும் வரவேற்கக் கூடாது. சம்மதம் என்றால் அனுமதி உண்டு.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மண்டபமும் வோணாம், ஒண்ணும் வோணாம். இந்தச் சுத்துப்பட்டுல என் கையால பன்னீர் வாங்காத ஆளு உண்டா? என்னியப் போயி பின்பக்கம் நில்லுன்றாங்க."

"பின்பக்கம் வர்றவங்களும் மனுசங்கதான?" என்றாள் ராணியம்மாள். "காப்பி ஆறிக்கினு இருக்குது, குடிங்க."

அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் வழக்கம்போல வேறொரு வாசலில் போய் நின்றார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன வீடியோ மனசை விட்டுப் போகவில்லை. ஒரு காரின் கதவைத் திறந்தவர், அன்றுதான் முதல் தடவையாக அந்தக் காருக்குப் பின்னால் பார்த்தார். பஸ் ஜன்னலில் ஒரு பெண் முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் படியில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்கண்ணே! எங்களயும் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வழி வுடுண்ணே! வண்டி சங்கராபுரம் போய்ச் சேர வோணாமா?"

தீனதயாளனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காரை உள்ளே அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்குத் தானே கை காட்டி வழி விட்டார். மறுநாள் காலையில் போய்ச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். வளைவு போயிற்று. மதில் எழும்பியது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்டபத்தில் முதல் கல்யாணம் தை மாதம். ரோட்டில் பஸ்கள் நிற்காமல் போயின. பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உள்ளே போகிற வழியில், செம்போடு நின்றார் தீனதயாளன். மனசே இல்லை. காரில் வந்தவர்களை வரவேற்றார், சிரித்தார், விசாரித்தார். கால் ஒரு பக்கம், கவனம் ஒரு பக்கம்.

அப்போது ஒரு லோடு வேன் வந்து நின்றது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற பெண்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் மதிலோரமாக நடந்து, சமையல் கட்டுப் பக்கம் வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. எல்லோருக்கும் ஒரே வழி. தயங்கித் தயங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் தைலம்மாள். பல வருஷமாக அவருடைய மரவள்ளிக் காட்டில் களையெடுப்பவள், அவரைவிடப் பெரியவள். காட்டில் அவர் அவளை வா, போ என்றுதான் சொல்வார்.

கைப்பழக்கத்தில் செம்பு தானாகச் சாய்ந்தது. வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "வாங்கம்மா, வாங்க!"

தைலம்மாள் திகைத்து நின்றாள். "ஐயா, நான்தாங்க, தைலம்மா. ஆளு தெரிலீங்களா?"

"தெரியுது. ஏன்?"

"இல்ல, வாங்கன்றீங்களே." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "நீங்க நிக்கிற கல்யாணம் அத்தினிக்கும் நாங்க வந்துகினுதாங்க இருக்கறோம். அந்தாண்ட பக்கமா பூந்து, கடைசி பந்தில சாப்ட்டு போய்டுவோம். நீங்க பாத்தது இல்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். தீனதயாளனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தன் கையால் பன்னீர் வாங்காத ஆள் இல்லை என்று அவர் மார்தட்டிக்கொண்ட அத்தனை வருஷமும், இவர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே வந்து போயிருக்கிறார்கள். கிண்ணத்தில் விரலைத் தொட்டுச் சந்தனத்தை அவரே அவள் புறங்கையில் வைத்தார்.

"பேத்தி எப்பிடி கீறா? இஸ்கூலு போறாளா?"

"பன்னெண்டாவது பெயில்லாம பாஸ் பண்ணி காலேஜே போறாங்க!" என்றாள் தைலம்மாள், அந்த இடமே அதிர. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் அவர் பேர் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், பன்னீர் தெளித்தார். வரிசை நீண்டு சந்து வரைக்கும் போயிற்று. அதற்குப் பின்னால் ஏ.சி. கார் ஒன்று வந்து மாட்டிக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்தது.

தீனதயாளன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருய்யா," என்று கத்தினார். "ஜனங்க வந்துகினு இருக்காங்க இல்ல!"