முப்பது சென்டிமீட்டர் வளைந்த பீம்

இன்று மாலை படப்பையிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில், என் சிவில் இன்ஜினியரிங் வகுப்பு மாணவி ஸ்டெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் இதுவரை வாயே திறந்ததில்லை.

“மேம், நேத்து போர்டுல நீங்க போட்ட கணக்கு தப்புன்னு தோணுது.”

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடமாக நடத்துகிற பாடம்.

“எப்படிச் சொல்ற?”

“கூரையைத் தாங்குற பீம் முப்பது சென்டிமீட்டர் வளையுதுன்னு வந்துச்சு. அவ்ளோ வளைஞ்சா அந்த வீட்டுல யாராவது தைரியமா தூங்குவாங்களா மேம்?”

அவள் நோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். சரியான விடை மூன்று.

“நேத்தே கேட்டிருக்கலாமே?”

“அறுபது பேரும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான்தான் தப்போன்னு வீட்டுல மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.”

யார் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள் என்று செமஸ்டர் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி கேட்டுவிட்டாள். வெட்கத்தையும் மீறி மனசு நிறைந்துவிட்டது.

“நாளைக்கு நீயே போர்டுல போட்டுக் காட்டு” என்றேன்.

“எல்லாரும் கேள்வி கேப்பாங்களே மேம்.”

“கேக்கட்டும்.”

ஆசிரிய நண்பர்களே, உங்களை முதலில் திருத்திய மாணவர் யார்? கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள். நான் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டாம்.